கூடுதலாகக் கொடுத்துவிட்டுத் திருப்பிக் கேட்கும் அரசு: ஊதியப் பிடித்தத்தை ரத்து செய்யக் கோருவது எப்படி?

முப்பது ஆண்டு வேலை பார்த்தவருக்கு ஓய்வு பெறும் மாதத்தில் ஒரு குறிப்பாணை வருகிறது. "தங்களது ஊதிய நிர்ணயம் தவறாகச் செய்யப்பட்டுள்ளதாகத் தணிக்கையில் தெரியவந்துள்ளது. மிகையாகப் பெற்ற தொகையை ஒரே தவணையில் அரசுக் கணக்கில் செலுத்தி, செலுத்துச்சீட்டை இவ்வலுவலகத்தில் ஒப்படைக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது. தவறும்பட்சத்தில் பணிக்கொடையில் பிடித்தம் செய்யப்படும்." கீழே ஒரு கையெழுத்து, மேலே ந.க. எண் என்று ஒரு கோப்பு எண். எந்த ஆண்டு என்ன பிழை நடந்தது, யார் செய்தார்கள், தொகை எப்படி வந்தது என்ற விவரம் பெரும்பாலும் இருப்பதில்லை.

அரசுக்குப் பாக்கி என்று வந்துவிட்டால் கட்டித்தான் தீர வேண்டும் என்ற எண்ணம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. அதிலும் வாழ்நாள் முழுவதும் அரசு அலுவலகத்தில் இருந்தவர்களுக்கு, வந்த ஆணையை எதிர்த்து ஒரு வரி எழுதுவதே கூச்சமாக இருக்கும். அதனால் மகள் திருமணத்துக்கோ வீட்டுக் கடனுக்கோ என்று நினைத்து வைத்திருந்த பணிக்கொடையில் (ஓய்வின்போது மொத்தமாகக் கிடைக்கும் தொகை) இரண்டு மூன்று லட்சம் போனாலும் பேசாமல் விட்டுவிடுகிறார்கள். அப்படி விட வேண்டியதில்லை. இந்தப் பாக்கியை ரத்து செய்யும்படியோ குறைக்கும்படியோ விண்ணப்பிக்க வழி இருக்கிறது. அதற்கு உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளின் துணையும், மத்திய அரசின் எழுத்துப்பூர்வமான நடைமுறையும் உண்டு. கருணை காட்டும்படி கெஞ்சாமல், எந்தக் காரணத்தால் இந்தப் பிடித்தம் செல்லாது என்று சொல்லத் தெரிந்திருந்தால் போதும்.

முதலில், பிழை எப்படி நேர்கிறது என்று பார்க்கலாம். ஊதிய நிர்ணயத்தை ஊழியர் செய்வதில்லை. பிரிவு எழுத்தர் கணக்கிட்டுக் குறிப்பு எழுதுகிறார், கண்காணிப்பாளர் சரிபார்க்கிறார், சம்பளம் பெற்று வழங்கும் அலுவலர் கையெழுத்திடுகிறார், பட்டியலைக் கருவூலம் ஏற்றுக்கொள்கிறது. பதவி உயர்வின்போது ஊதிய உயர்வை இரண்டு முறை கொடுத்திருக்கலாம். பத்தாண்டுப் பணிக்குப் பின் கிடைக்கும் தேர்வுநிலை ஊதியத்துக்குக் காலத்தைக் கணக்கிடும்போது ஊதியமில்லா விடுப்புக் காலத்தைக் கழிக்க மறந்திருக்கலாம். உயர்கல்விக்கான ஊக்க ஊதிய உயர்வைத் தகுதியில்லாத பட்டத்துக்கு அனுமதித்திருக்கலாம். தனி ஊதியத்தை அடிப்படை ஊதியத்தோடு சேர்த்துவிட்டிருக்கலாம். இவை எல்லாமே அரசாணைகளின் நுணுக்கங்கள். அந்த ஆணைகளுக்குத் தெளிவுரைக் கடிதங்களும், அவற்றுக்குத் திருத்தங்களும் வந்துகொண்டே இருக்கும். தன் சம்பளத்தில் பிழை இருக்கிறதா என்று ஓர் இளநிலை உதவியாளரோ இடைநிலை ஆசிரியரோ தெரிந்துகொள்வது ஏறக்குறைய நடக்காத காரியம்.

அப்படியானால் அது ஏன் ஓய்வு பெறும் நேரத்தில் மட்டும் வெளியே வருகிறது? பணிப்பதிவேட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஒருவர் உட்கார்ந்து படிப்பது அப்போதுதான். ஓய்வூதியக் கருத்துரு, அதாவது ஓய்வூதியம் அனுமதிக்கக் கோரும் கோப்பு, மாநிலக் கணக்காயர் அலுவலகத்துக்குப் போகும்போது பணிப்பதிவேடும் சேர்ந்து போகிறது. ஒவ்வொரு ஊதிய நிர்ணயமும் அங்கே மறுபடி சரிபார்க்கப்படுகிறது. இடையில் நடக்கும் துறைத் தணிக்கைகள் பல நேரம் மாதிரிக்குச் சில பதிவேடுகளைப் பார்ப்பதோடு நின்றுவிடும். இதனால் இருபது ஆண்டு யார் கண்ணிலும் படாத ஒரு பதிவு, கருத்துரு திரும்பி வரும்போது தணிக்கைத் தடையாக, அதாவது தணிக்கையின் ஆட்சேபணையாக, வந்து நிற்கிறது.

சிறிய பிழையும் இந்த இடைவெளியில் எவ்வளவு வளர்கிறது என்பதை ஒரு கணக்கில் காட்டலாம். 2012 ஜனவரியில் ரூ.20,000 அடிப்படை ஊதியம் பெற்ற ஒருவருக்கு 3 சதவீத ஊதிய உயர்வு ஒன்று தவறுதலாகக் கூடுதலாகக் கொடுக்கப்பட்டது என்று வைத்துக்கொள்வோம். மாதம் ரூ.600. ஊதியத் திருத்தம் வந்தபோது பழைய அடிப்படை ஊதியத்தை 2.57-ஆல் பெருக்கினார்கள், அந்த 600 ரூபாயும் கூடவே பெருகி ரூ.1,542 ஆனது. 2024 முடிய, அகவிலைப்படியையும் ஆண்டுதோறும் வந்த உயர்வுகளையும் சேர்க்காமலே, தொகை ரூ.1.75 லட்சத்தைத் தாண்டிவிடும். அகவிலைப்படியையும் சேர்த்தால் எங்கே போய் நிற்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. முதல் ஆண்டிலேயே கண்டுபிடித்திருந்தால் ஏழாயிரத்துச் சொச்ச ரூபாய் அடிப்படை ஊதியமும் அதற்கான அகவிலைப்படியும் என்று சில மாதச் சம்பளத்தில் தீர்ந்திருக்கும். தாமதம் அரசுடையது, வளர்ந்த தொகை முழுவதும் ஊழியர் தலையில். இந்த அநியாயத்தை நீதிமன்றங்கள் கண்டுகொண்டிருக்கின்றன.

கடையில் தவறிக் கூடுதலாகச் சில்லறை கொடுத்தால் திருப்பிக் கொடுப்பதுதானே நேர்மை, சம்பளத்துக்கு மட்டும் ஏன் வேறு நியாயம் என்று கேட்பவர்கள் உண்டு. கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் சில்லறை கைக்கு வந்த நிமிடமே கூடுதல் என்று தெரிகிறது; பணமும் கையில்தான் இருக்கிறது. சம்பளமோ தனக்கு உரியது என்று நம்பி, அதை வைத்துத் திட்டமிட்டு, பள்ளிக் கட்டணம் கட்டி, வாடகை கொடுத்து, கடன் தவணை செலுத்தி என்றோ செலவாகிவிட்ட பணம். பதின்மூன்று ஆண்டு வாழ்ந்த வாழ்க்கையைத் திருப்பிக் கணக்கிட முடியாது.

நீதிமன்றங்கள் இந்த இரண்டு பக்கத்துக்கும் நடுவே நீண்ட காலம் அலைந்திருக்கின்றன. 1994-இல் ஷியாம் பாபு வர்மா வழக்கிலும், அதே ஆண்டில் அரியானாவைச் சேர்ந்த ஒரு நூலகர் தொடுத்த சாஹிப் ராம் வழக்கிலும், ஊழியர் பொய்த் தகவல் எதுவும் தராதபோது கொடுத்த பணத்தைத் திரும்பப் பிடிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 2008-இல் பீகார் ஆசிரியர்களின் சையது அப்துல் காதிர் வழக்கிலும் அதே நிலைப்பாடு. 2012-இல் சண்டி பிரசாத் உனியால் வழக்கில் காற்று திசை மாறியது. கூடுதலாகக் கொடுக்கப்பட்டது வரி செலுத்துவோரின் பணம். அது கொடுத்த அலுவலருக்கும் சொந்தமில்லை, வாங்கிய ஊழியருக்கும் சொந்தமில்லை. மோசடி இல்லை என்பதற்காக மட்டும் விட்டுவிட முடியாது, மிகக் கடுமையான பாதிப்பு ஏற்படும் சில விதிவிலக்குகள் தவிரப் பிடிக்கலாம் என்றது அந்தத் தீர்ப்பு. தணிக்கை அலுவலர்கள் இன்றும் மேற்கோள் காட்ட விரும்புவது இதைத்தான். அதன் வாதத்தில் உண்மை இல்லாமல் இல்லை. பொதுப்பணம் யாருடைய கவனக்குறைவாலும் கரையக் கூடாது. ஆனால் கவனக்குறைவாக இருந்தவரை விட்டுவிட்டு, கணக்கே தெரியாதவரிடம் வசூலிப்பது பொதுப்பணத்தைக் காப்பதாக ஆகாது என்பது என் கருத்து.

இந்த இழுபறிக்கு ஓரளவு முடிவு கட்டியது 2014 டிசம்பர் 18 அன்று வந்த தீர்ப்பு: பஞ்சாப் மாநில அரசு எதிர் ரஃபீக் மசீஹ். விண்ணப்பம் எழுதப்போகிறவர் இந்தப் பெயரையும் தேதியையும் மனப்பாடம் செய்துகொள்ளலாம். ஐந்து நிலைமைகளில் பிடித்தம் செய்வது சட்டப்படி ஏற்கத்தக்கதல்ல என்று நீதிபதிகள் ஜெகதீஷ் சிங் கேஹர், அருண் மிஸ்ரா அமர்வு அதில் வரையறுத்தது. ஊழியர் மூன்றாம், நான்காம் நிலைப் பணியாளராக, அதாவது சி, டி பிரிவில் இருந்தால் பிடிக்கக் கூடாது. ஏற்கெனவே ஓய்வு பெற்றவரிடமும், பிடித்தம் செய்யும் ஆணை வந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் ஓய்வு பெறப்போகிறவரிடமும் பிடிக்கக் கூடாது. ஆணை பிறப்பிப்பதற்கு முன் ஐந்து ஆண்டுக்கும் மேலாகக் கூடுதல் தொகை வழங்கப்பட்டு வந்திருந்தால் பிடிக்கக் கூடாது. மேல்பதவியின் வேலையைத் தவறுதலாக வாங்கிக்கொண்டு அதற்குரிய சம்பளம் கொடுத்திருந்தால், அவர் கீழ்ப்பதவிக்கே உரியவர் என்றாலும் பிடிக்கக் கூடாது. இவற்றில் அடங்காத வேறு எந்த நேர்விலும், பணத்தை மீட்க அரசுக்கு உள்ள உரிமையை விட ஊழியர் படும் பாடு பெரிது, பிடிப்பது நியாயமற்றது, கொடுமையானது என்று நீதிமன்றம் கருதினால் அப்போதும் பிடிக்கக் கூடாது.

இந்த ஐந்தில் ஒன்று பொருந்தினாலே போதும். ஐந்தும் சேர்ந்து இருக்க வேண்டும் என்று சில அலுவலகங்களில் சொல்லி அனுப்பிவிடுகிறார்கள்; தீர்ப்பில் அப்படி இல்லை. தொடக்கத்தில் சொன்ன, கடைசி மாதத்தில் குறிப்பாணை வாங்கிய ஊழியரைப் பாருங்கள். அவர் சி பிரிவுப் பணியாளர் என்றால் முதல் நிலைமை. ஓராண்டுக்குள் ஓய்வு என்பதால் இரண்டாவது. பிழை 2012-இல் நடந்தது என்றால் மூன்றாவது. ஒருவருக்கே மூன்று பொருந்துகின்றன. ஆனாலும் அவருக்குக் குறிப்பாணை வருகிறது, அவரும் கட்டிவிடுகிறார்.

தீர்ப்பைக் காட்டினால் மத்திய அரசு அலுவலகங்களில் மறுக்க முடியாத அளவுக்கு ஒரு வழி போட்டு வைத்திருக்கிறார்கள். பணியாளர் மற்றும் பயிற்சித் துறை 2016 மார்ச் 2 அன்று வெளியிட்ட அலுவலகக் குறிப்பாணை, ரஃபீக் மசீஹ் தீர்ப்பின் ஐந்து நிலைமைகளையும் அப்படியே எடுத்துச் சொல்லி, அவற்றில் அடங்கும் பிடித்தங்களைத் தள்ளுபடி செய்ய நிதி அமைச்சகத்தின் செலவினத் துறையிடம் வெளிப்படையான ஒப்புதல் பெற வேண்டும் என்கிறது. இதன் பொருள் நடைமுறையில் முக்கியமானது. உங்கள் அலுவலகத் தலைவர் தானே தள்ளுபடி செய்ய முடியாது. அவரிடம் நீங்கள் கேட்க வேண்டியது தள்ளுபடி ஆணையை அல்ல. உங்கள் நேர்வைப் பரிந்துரையுடன் செலவினத் துறைக்கு அனுப்பும்படியும், அதுவரை பிடித்தத்தை நிறுத்திவைக்கும்படியும் கேட்க வேண்டும். "என் கையில் இல்லை" என்று அவர் சொல்வது உண்மைதான். அனுப்பி வைப்பது அவர் கையில் இருக்கிறது.

மாநில அரசு ஊழியர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் விண்ணப்பம் நியமன அலுவலர் வழியாகத் துறைத் தலைவருக்கும், அங்கிருந்து தேவையானால் அரசுக்கும் போக வேண்டும். உச்ச நீதிமன்றம் வகுத்த சட்டம் அரசியலமைப்பின் 141-ஆம் பிரிவின்படி நாட்டின் எல்லா நீதிமன்றங்களையும் கட்டுப்படுத்துகிறது. பஞ்சாப் வழக்கு நமக்குப் பொருந்தாது என்று யாரேனும் சொன்னால் நம்ப வேண்டாம். சென்னை உயர் நீதிமன்றமும் அதன் மதுரைக் கிளையும் இந்தத் தீர்ப்பை வைத்துப் பிடித்தம் செய்யும் ஆணைகளைத் தொடர்ந்து ரத்து செய்து வந்திருக்கின்றன.

இனி, மனுவுக்குள் என்ன இருக்க வேண்டும் என்பது. இங்கேதான் பெரும்பாலானவர்கள் சறுக்குகிறார்கள். எனக்கு இரண்டு பெண் பிள்ளைகள், சர்க்கரை நோய், வேறு வருமானம் இல்லை, தயவுசெய்து விட்டுவிடுங்கள் என்று இரண்டு பக்கம் எழுதுகிறார்கள். அதில் சொல்லப்படும் துயரம் எல்லாம் உண்மை. ஆனால் அதைப் படிக்கும் அலுவலர் கோப்பில் குறிப்பு எழுத ஒரு பிடியும் கிடைக்காது. துயரத்துக்கு மனுவில் ஒரு பத்தி போதும். அதற்கு முன்னால் தேதிகள் வர வேண்டும்.

முதலில் கேட்க வேண்டியது ஆவணங்கள்: தணிக்கைத் தடையின் நகல், பிழை என்று சொல்லப்படும் ஊதிய நிர்ணய ஆணையின் நகல், ஆண்டுவாரியாகக் கணக்கீட்டுப் பட்டியல், பணிப்பதிவேட்டின் தொடர்புடைய பக்கங்கள். கேட்டவுடன் தராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்துடன் விண்ணப்பித்தால் 30 நாளில் தர வேண்டும். பட்டியல் கைக்கு வந்ததும் கூட்டிப் பாருங்கள். ஊதியமில்லா விடுப்பில் இருந்த மாதங்களுக்கும் கூடுதல் சம்பளம் பெற்றதாகச் சேர்த்திருக்கிறார்களா, அகவிலைப்படி சதவீதம் சரியா, வருமான வரியாகவும் ஓய்வூதியப் பங்களிப்பாகவும் ஏற்கெனவே பிடித்தது போக உங்கள் கைக்கு வந்தது எவ்வளவு என்று பாருங்கள். தள்ளுபடி கிடைக்காமல் போனாலும், கணக்கில் உள்ள பிழையைச் சுட்டிக்காட்டினாலே தொகை குறையும் வாய்ப்பு உண்டு.

அதன்பின் மனுவின் நடுப்பகுதி இப்படி அமையலாம்: "மேற்படி ஊதிய நிர்ணயம் இவ்வலுவலகத்தின் இன்ன நாளிட்ட செயல்முறை ஆணைப்படி செய்யப்பட்டது. அதற்கென நான் தவறான தகவல் எதையும் அளிக்கவில்லை. எந்த உண்மையையும் மறைக்கவில்லை. பிழை இருப்பது எனக்கு முதன்முதலில் தெரியவந்தது இன்ன நாளிட்ட குறிப்பாணை வாயிலாகத்தான். நான் சி பிரிவுப் பணியாளர். இன்ன நாளில் ஓய்வு பெறுகிறேன். கூடுதல் தொகை வழங்கப்பட்ட காலம் ஐந்து ஆண்டுக்கும் மேற்பட்டது. எனவே பஞ்சாப் மாநில அரசு எதிர் ரஃபீக் மசீஹ் வழக்கின் முதல் மூன்று நிலைமைகளும் எனக்குப் பொருந்துகின்றன." இவ்வளவு எழுதினால் கோப்பை நகர்த்தும் எழுத்தருக்கும் வேலை எளிது. அவர் தன் குறிப்பில் இந்த வரிகளை எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

கோரிக்கையை ஒன்றோடு நிறுத்த வேண்டாம். பிடித்தம் செய்யும் ஆணையை ரத்து செய்ய வேண்டும் என்பது முதற்கோரிக்கை. அது முடியாது என்றால் ஆணைக்கு முந்தைய ஐந்தாண்டுக்கும் அப்பால் உள்ள காலத்துக்கான தொகையையாவது நீக்க வேண்டும். அதுவும் இல்லையென்றால் வட்டியின்றி, மாத ஓய்வூதியத்தில் தாங்கக்கூடிய தவணைகளாக வேண்டும். முடிவு தெரியும்வரை பிடித்தம் கூடாது. தகராறில் இல்லாத பணிக்கொடைப் பகுதியை உடனே விடுவிக்க வேண்டும். இப்படிப் படிப்படியாகக் கேட்டால், முழுத் தள்ளுபடிக்குத் துணிவில்லாத அலுவலர்கூட நடுவில் ஓர் இடத்தில் நிற்க முடியும்.

விளக்கம் கேட்காமலே நேரடியாகப் பிடித்திருந்தால், அது தனியாக ஒரு குறை. பகவான் சுக்லா என்ற ரயில்வே ஊழியரின் வழக்கு இதற்குப் பழைய சான்று. 1970 டிசம்பரில் ரூ.190 என்று நிர்ணயித்த அடிப்படை ஊதியத்தை, 1991 ஜூலையில் ஓர் ஆணை போட்டு, 1970 முதலே ரூ.181 என்று குறைத்தார்கள். மாதம் ஒன்பது ரூபாய் வித்தியாசம். இருபது ஆண்டு பின்னோக்கி. அவரிடம் ஒரு விளக்கமும் கேட்கவில்லை. இது இயற்கை நீதிக்கு எதிரானது என்று 1994-இல் உச்ச நீதிமன்றம் அந்த ஆணையை ரத்து செய்தது. எனவே விளக்கம் கேட்டு வரும் குறிப்பாணையை அலட்சியமாக விட்டுவிடாதீர்கள். குறித்த நாளுக்குள் பதில் கொடுத்து, நகலில் ஒப்புகை முத்திரை வாங்கி வையுங்கள். பதில் கொடுக்காதவர், விளக்கம் கேட்கவில்லை என்று பிறகு சொல்ல முடியாது.

இனி, எச்சரிக்கையாகச் சொல்ல வேண்டிய இரண்டு காகிதங்கள்.

ஒன்று, உறுதிமொழி. ஊதியக் குழு பரிந்துரை அமலாகும்போது நிரப்பும் படிவங்களுடன், தவறான நிர்ணயத்தால் மிகையாகப் பணம் பெற்றிருந்தால் அதைத் திருப்பித் தருவேன் என்று ஒரு வாசகம் வரும். எல்லாரும் கையெழுத்திட்டிருப்போம், படித்தவர்கள் குறைவு. 2016-இல் பஞ்சாப் மற்றும் அரியானா உயர் நீதிமன்றம் எதிர் ஜகதேவ் சிங் வழக்கில் இந்த உறுதிமொழி ஊழியருக்கு எதிராகத் திரும்பியது. அவர் நீதித்துறை அலுவலர். திருத்திய ஊதியத்தைத் தேர்ந்தெடுத்தபோது உறுதிமொழி கொடுத்திருந்தார். பணம் தரும்போதே பிழை இருந்தால் திரும்பக் கேட்போம் என்று அறிவித்து, அவரும் ஒப்புக்கொண்டிருக்கும்போது, ஓய்வு பெற்றவர் என்ற காரணம் மட்டும் காப்பாற்றாது என்றது உச்ச நீதிமன்றம். ஆனாலும் தொகையை இரண்டு ஆண்டில் தவணைகளாகப் பிடிக்கும்படி சொன்னது. இந்தத் தீர்ப்பை முன்வைத்து உங்கள் மனு நிராகரிக்கப்படலாம். அப்போது பார்க்க வேண்டியது இரண்டு. நீங்கள் எந்தத் திருத்தத்துக்கு உறுதிமொழி கொடுத்தீர்களோ, பிழை அந்த நிர்ணயத்தில் நடந்ததா? 2017-இல் கொடுத்த உறுதிமொழி, 2012-இல் பதவி உயர்வின்போது நடந்த பிழைக்கு எப்படிப் பொருந்தும்? அடுத்து, சி, டி பிரிவுப் பணியாளரின் நிலை வேறு, ஒரு நீதித்துறை அலுவலரின் நிலை வேறு. இந்த வேறுபாட்டை மனுவிலேயே எழுதிவிடுவது நல்லது.

இரண்டாவது காகிதம் இதைவிட ஆபத்தானது: சம்மதக் கடிதம். ஓய்வுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, "பிடித்தத்துக்குச் சம்மதம் என்று ஒரு கடிதம் கொடுத்துவிடுங்கள், நிலுவை இல்லாச் சான்று போட்டுக் கருத்துருவை அனுப்பிவிடலாம், இல்லையென்றால் ஓய்வூதியம் தாமதமாகும்" என்று அன்பாகவே சொல்வார்கள். சொல்பவருக்குக் கெட்ட எண்ணம் இருக்காது. தன் மேசையில் இருக்கும் கோப்பு முடிய வேண்டும் என்ற அவசரம்தான். ஓய்வூதியம் நின்றுவிடுமோ என்ற பயத்தில் எல்லாரும் எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். அந்த ஒற்றை வரி, பின்னாளில் நீதிமன்றத்தில் அரசு வழக்கறிஞர் முதலில் எடுத்துக் காட்டும் ஆவணமாகிறது. எழுதித்தான் ஆக வேண்டும் என்ற நிலை வந்தால், "என் ஆட்சேபணைக்கும் மேல்முறையீட்டு உரிமைக்கும் உட்பட்டு" என்ற சொற்கள் அந்தக் கடிதத்தில் இருக்க வேண்டும். ஏற்கெனவே நிபந்தனையில்லாமல் எழுதிக் கொடுத்துவிட்டவர்கள், எந்தச் சூழ்நிலையில் எழுதினோம் என்பதை உடனே ஒரு கடிதத்தில் பதிவு செய்ய வேண்டும். ஓய்வூதியமும் பணிக்கொடையும் அரசு தரும் கொடை அல்ல, அரசியலமைப்பின் 300-அ பிரிவு காக்கும் சொத்து. சட்டத்தின் அதிகாரமின்றி அதில் கைவைக்க முடியாது என்று 2013-இல் ஜார்கண்ட் மாநில அரசு எதிர் ஜிதேந்திர குமார் ஸ்ரீவத்சவா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பயத்தில் கையெழுத்திடுவதற்கு முன் இதை நினைத்துக்கொள்ள வேண்டும்.

தள்ளுபடி கிடைத்தாலும் ஒன்று நடக்கும். அதையும் சொல்லிவிட வேண்டும். கடந்த காலத்தில் கொடுத்ததைத் திரும்பப் பிடிக்கக் கூடாது என்பதுதான் இந்தத் தீர்ப்புகளின் பாதுகாப்பு. பிழையான சம்பளத்தைத் தொடர்ந்து பெறும் உரிமையை அவை தருவதில்லை. ஊதியத்தைச் சரியாக மறுநிர்ணயம் செய்து, அதன்படி ஓய்வூதியத்தைக் குறைவாகக் கணக்கிட அரசுக்கு உரிமை உண்டு. பலர் இரண்டையும் ஒரே மூச்சில் எதிர்த்து, வலுவான வழக்கை வலுவிழக்கச் செய்கிறார்கள். மறுநிர்ணயமே தவறு என்று நினைத்தால், அரசாணையைக் காட்டித் தனியாக வாதிட வேண்டும்; அதற்கு நியாயம் இருந்தால் பாக்கி என்பதே இல்லாமல் போகும். அதனால் மனு எழுதுவதற்கு முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி: தணிக்கை சொல்வது உண்மையிலேயே சரியா? தணிக்கையும் தவறும். ஒரு தெளிவுரைக் கடிதம் தணிக்கையாளரின் கண்ணில் படாமல் போயிருந்தால், தள்ளுபடி கேட்கவே தேவையில்லை. தடையை நீக்கும்படி பதில் அனுப்பச் சொன்னால் போதும்.

யாருக்கு இந்த வழி இல்லை என்பதும் தெளிவு. போலிச் சான்றிதழ் கொடுத்தவருக்கு இல்லை. கூடுதல் என்று தெரிந்தே வாங்கியவருக்கும் இல்லை. பிழை நடந்த சில மாதங்களிலேயே கண்டுபிடித்துச் சொல்லிவிட்டால் வாதம் பலவீனம். 2022 மே 2 அன்று வந்த தாமஸ் டேனியல் எதிர் கேரள மாநில அரசு தீர்ப்பு இதை நேராகச் சொல்கிறது. பிடித்தத்தைத் தடுப்பது ஊழியருக்கு அந்தப் பணத்தில் உரிமை இருப்பதால் அல்ல; அவருக்கு நேரும் துன்பத்தைக் கருதி நீதிமன்றம் தன் விருப்புரிமையைப் பயன்படுத்துவதால்தான். அந்த ஆசிரியர் ஓய்வு பெற்றது 1999 மார்ச்சில். தன் பணிக்கொடைக்காக அவர் இருபத்து மூன்று ஆண்டு வழக்கு நடத்த வேண்டியிருந்தது. வென்றார், ஆனால் அந்த இருபத்து மூன்று ஆண்டை எந்தத் தீர்ப்பாலும் திருப்பித் தர முடியாது. ரஃபீக் மசீஹ் தீர்ப்பு வந்த பிறகும் இத்தகைய வழக்குகள் உச்ச நீதிமன்றம் வரை போகின்றன. 2025 ஏப்ரலில் ஒடிசாவின் கட்டாக் மாவட்ட நீதிமன்ற ஊழியர்கள் சிலருக்கு, ஓய்வு பெற்ற பிறகு, ஆளுக்கு ரூ.20,000 முதல் ரூ.40,000 வரை திருப்பிக் கேட்ட ஆணையை உச்ச நீதிமன்றம்தான் ரத்து செய்ய வேண்டியிருந்தது. இவ்வளவு சிறிய தொகைக்கு டெல்லிவரை போக வேண்டிய நிலை ஏன்? கீழே உள்ள அலுவலகம் முதல் மனுவிலேயே சட்டத்தைப் படித்திருந்தால் வேண்டியிருந்திருக்காது. இதற்கு அரசு செய்ய வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை: ஐந்து நிலைமைகளையும் குறிப்பாணைப் படிவத்திலேயே அச்சிட்டு, எதுவும் பொருந்தவில்லை என்று அலுவலர் கையெழுத்திட்ட பிறகே பிடித்தம் செய்யும் ஆணை போக வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை.

ஊழியர் இறந்த பிறகு குடும்ப ஓய்வூதியம் பெறும் மனைவியிடம் கேட்கப்படும் பாக்கி இன்னும் வேதனையானது. கணவரின் ஊதிய நிர்ணயத்தில் 1998-இல் என்ன நடந்தது என்று அவருக்கு எப்படித் தெரியும்? இங்கே ஐந்தாவது நிலைமைதான் முதன்மை வாதமாக இருக்க வேண்டும்: பணத்தைப் பெற்றவர் இப்போது இல்லை, விளக்கம் சொல்லவும் இல்லை, எஞ்சியிருப்பது குறைந்துவிட்ட வருமானம். இத்தகைய நேர்வில் வருமானம், மருத்துவச் செலவு ஆகியவற்றை ஆவணங்களோடு விரிவாகக் காட்டுவது பொருத்தம்.

ஓய்வூதியத்தை வழங்கும் வங்கியோ கருவூலமோ அகவிலை உயர்வைத் தவறாகக் கணக்கிட்டுக் கூடுதலாக வரவு வைத்திருந்தாலும் வாதம் ஏறக்குறைய இதேதான். முன்னறிவிப்பில்லாமல் கணக்கிலிருந்து எடுத்துக்கொண்டால், எந்த ஆணையின்படி எடுத்தார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். மத்திய அரசு ஓய்வூதிய விதிகளின்படி, இறுதியாக அனுமதிக்கப்பட்ட ஓய்வூதியத்தை எழுத்துப்பிழை போன்ற காரணம் இல்லாமல் ஓய்வூதியருக்குப் பாதகமாக மாற்றக் கூடாது. இரண்டு ஆண்டுக்குப் பிறகு அத்தகைய பிழை கண்டுபிடிக்கப்பட்டால் அலுவலகத் தலைவர் தானாக மாற்ற முடியாது, ஓய்வூதியத்துக்குப் பொறுப்பான துறையின் இசைவு வேண்டும்.

மனு கொடுத்து இரண்டு மூன்று மாதம் ஆகியும் பதில் இல்லை, அல்லது நிராகரித்துவிட்டார்கள் என்றால் நீதிமன்றம்தான். மத்திய அரசு ஊழியர்களுக்கு மத்திய நிர்வாகத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வு. மாநில அரசு ஊழியர்களுக்கும் அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்கும் உயர் நீதிமன்றத்தில் 226-ஆம் பிரிவின்கீழ் நீதிப்பேராணை மனு. பிடித்தம் நடப்பதற்கு முன்பே போனால் இடைக்காலத் தடை கேட்கலாம். ஏற்கெனவே பிடித்துவிட்டார்களே, இனி என்ன என்று ஒதுங்கிவிட வேண்டாம். பிடித்த தொகையைத் திருப்பித் தரும்படியும் நீதிமன்றங்கள் ஆணையிடுகின்றன. ஆனால் ஆண்டுக்கணக்கில் காத்திருந்துவிட்டுப் போனால், ஏன் இவ்வளவு தாமதம் என்ற கேள்விக்கு முதலில் பதில் சொல்ல வேண்டியிருக்கும். அங்கே மனுவின் நகலும், ஒப்புகை முத்திரையும், ஆண்டுவாரிக் கணக்கும் கையில் இருந்தால் வழக்கறிஞருக்குப் பாதி வேலை முடிந்ததுபோலத்தான்.